பங்காருபேட்டையில் ஒரு பழைய மாருதி 800

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரி 18-ஆம் தேதி நின்றது. முதல் காரின் சாவி கைமாறியது 1983 டிசம்பர் 14-இல். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. தெருவில் நிற்பவற்றில் பெரும்பாலானவை 15, 20 வயதைக் கடந்தவை. நடுத்தரக் குடும்பம் ஒன்று வாசலிலேயே நிறுத்தி, சொந்தக் கையால் கழற்றி மாட்டிச் சீராக்கிக்கொள்ள ஏற்ற பழைய கார் என்றால் அது பெரும்பாலும் இதுதான். அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் மவுசு அதிகம். ஆனால் அவற்றுக்கு உதிரிபாகம் தேடுவதே தனி உத்தியோகம்.

இந்தக் காரின் அமைப்பு எளிது. 796 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர், மொத்த எடை ஏறத்தாழ 650 கிலோ. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. என்ற மின்னணு எரிபொருள் அமைப்பு வரும் வரை எல்லா வண்டிகளுமே கார்ப்பரேட்டர் வண்டிகள்; கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துக் கோளாறு சொல்ல வேண்டிய அவசியம் அவற்றில் இல்லை. 2019 வரை வந்த ஆம்னி வேனிலும் இதே எஞ்சின்தான் என்பதால் எஞ்சின் சாமான்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 1986-இல் காரின் உடற்கூடும் பின்பக்க சஸ்பென்ஷனும் மாறின, 2000-இல் எரிபொருள் அமைப்பு மாறியது. கடைக்காரரிடம் ‘மாருதி சாமான்’ என்று மட்டும் கேட்டால் தப்பான சாமான்தான் வரும். தயாரிப்பு ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு போவதே முறை.

பங்காருபேட்டையில் இந்த வேலைக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயரால் ஒரு காலத்தில் பௌரிங்பேட்டை என்று வழங்கிய இந்த ஊர், கோலார் தங்கவயலுக்கு ரயில் பிரியும் சந்திப்பு. தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைச் செய்யும் பெமல் ஆலை இன்றும் நடக்கிறது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று வேலை பார்த்த தலைமுறைகள் உள்ள வட்டாரம் இது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் சொந்தத்திலோ பக்கத்துத் தெருவிலோ கிடைப்பார். புத்தகத்தில் இல்லாத பாதி விஷயம் அவரிடம் இருக்கும்.

ஊரின் இயற்கையும் காரைப் பாதிக்கிறது. பங்காருபேட்டை கடல் மட்டத்திலிருந்து 840 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. 37 குதிரைத்திறன் கொண்ட பழைய கார்ப்பரேட்டர் எஞ்சினில் மூன்று குதிரைத்திறன் அதிலேயே போய்விடும். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது; ஊரெல்லாம் போர்வெல் தண்ணீர், அதுவும் உப்பும் ஃபுளோரைடும் கலந்த கடினத் தண்ணீர். தங்கவயல் பக்கம் போனால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து கோடைக்காற்றில் மாவு போன்ற நுண்மணல் கிளம்பும். இவை மூன்றும் முறையே கார்ப்பரேட்டரையும் ரேடியேட்டரையும் ஏர் ஃபில்டரையும் தாக்குகின்றன. பதிலுக்கு ஒரு நன்மை உண்டு. கடற்காற்று படாத வறண்ட மேட்டுநிலம் என்பதால், சென்னையில் ஓடிய வண்டியைப் போல் இங்கே தகடு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை.

துருதான் முதல் சோதனை. எஞ்சின் கெட்டிருந்தால் மாற்றலாம், பிரேக் கெட்டிருந்தால் புதுப்பிக்கலாம்; உடற்கூட்டின் அடித்தகடு செல்லரித்தாற்போல் போயிருந்தால் அந்தக் காரில் போடும் பணம் திரும்பாது. கால்மிதியைத் தூக்கி, டிரைவர் காலடியிலும் ஸ்டெப்னிக்குக் கீழும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் விளிம்பையும், முன்பக்க ஸ்ட்ரட் மேலே வந்து பொருந்தும் இடத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் அங்கே இருப்பது பட்டியும் பெயின்டும்தான், தகடு அல்ல. பட்டி தடவி மறைத்த துருவைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். தகடு இருக்கும் இடத்தில் மட்டுமே அது ஒட்டும்.

அடுத்த சோதனை காகிதங்களில். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போகின்றனவா, பதிவு காலாவதி ஆகிவிட்டதா, பழைய கடன் எழுத்து நீக்கப்படாமல் நிற்கிறதா என்பதை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் எண் ஒத்துப்போகாத காரைப் பளபளவென்று ஆக்கி என்ன பயன்?

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும், ஸ்பார்க் பிளக் கழற்றும் டி-ஸ்பேனர், ஃபீலர் கேஜ், சாதாரண மல்டிமீட்டர், ஹைட்ராலிக் ஜாக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டு இருந்தால் முக்கால்வாசி வேலை நடந்துவிடும். டார்க் ஸ்பேனரை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிக்கொள்ளலாம். ஸ்டாண்டில் மட்டும் சிக்கனம் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும், செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுப்பதும் உயிர் போகும் காரியம். செங்கல் அழுத்தத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நொறுங்கும். தரை சமமாக இருக்க வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும், ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியை ஒரு முறை பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டே உள்ளே போக வேண்டும். எலெக்ட்ரிக்கல் வேலையோ பெட்ரோல் வேலையோ எதுவானாலும் முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும்.

வேலையின் வரிசை முக்கியம். பழைய கார் வாங்கியவர்களில் பலர் முதலில் சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் என்று இறங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஹெட் கேஸ்கெட் போய்க் கார் மூலையில் நிற்கிறது. நிறுத்தம், குளிர்ச்சி, மின்சாரம், எரிபொருள் ஆகிய நான்கையும் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் எதையும் மேம்படுத்த வேண்டும்.

பிரேக்கில் தொடங்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்திருக்க வேண்டும். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவும் தெரியவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று. பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு பக்கத்துச் சிலிண்டரோ காலிப்பரோ இறுகிவிட்டது. பின்பக்க டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையின் ஓரத்தை நகத்தால் விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் தெரிந்தால் அந்தச் சிலிண்டரை மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் படிந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. ஊறிய ஷூ ஒருபோதும் பழைய பிடிப்புக்கு வராது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரஸர் காற்றால் அடிக்கவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும், குழாய்க்குள் துருவும் பிடிக்கும். அதனால் நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. இந்தக் காருக்கு டாட் 3 ரகம் போதும். காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை நான்கைந்து முறை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். நிப்பிளில் மாட்டிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனை பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். குமிழி வருவது தெரியும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதை நோக்கி வருவது வழக்கம். நடுவே மேலேயுள்ள டப்பா காலியாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்த ஆயில் பெயின்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அடுத்து வருவது குளிர்ச்சி. பங்காருபேட்டைக் கார்களில் அதிகம் கெடுவதும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே. எஞ்சினின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. ஒரே ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினாலும் அது வளையும், கேஸ்கெட் போகும், கூலண்ட் எண்ணெயோடு கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பிசின்போல் படிந்திருந்தால் கலப்பு நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றுவதை வீட்டில் செய்யலாம். ஆனால் வளைந்த ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸ் போடாமல் புதுக் கேஸ்கெட் மட்டும் வைத்து இறுக்கினால் சில மாதங்களில் அதே கோளாறு திரும்பும்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதே இந்த ஊரின் பெரிய தப்பு. தேநீர்க் கெட்டிலின் உட்புறம் சுண்ணாம்பு படிவதுபோல் ரேடியேட்டர் குழாய்களிலும் எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளிலும் படிந்து அடைக்கும். பழைய தண்ணீரை முழுக்க இறக்கி, தெளிவாக வரும் வரை அலசி, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இந்த ஊரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் கொதிநிலை 115 டிகிரிக்கும் மேலே போகும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. மூடியின் மேலே 0.9 என்றோ 1.1 என்றோ அழுத்தம் பொறித்திருக்கும். அதே எண்ணுள்ளதைத்தான் வாங்க வேண்டும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோகும்.

சூடேறுகிறது என்று புகார் சொன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் மெக்கானிக்குகள் பலரிடம் இருக்கிறது. அன்றைக்குச் சூடு குறைந்தாற்போல் தோன்றும். ஆனால் கோலார் மேட்டின் குளிர்காலக் காலையில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்டாட்டைக் கயிற்றில் கட்டி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டால், சூடு ஏறும்போது வால்வு திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். திறக்காவிட்டால் புதிது மாட்ட வேண்டும். இல்லாமல் ஓட்டுவது வைத்தியம் ஆகாது. டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் ஃபேனையும் அதன் சுவிட்சையும் பார்க்க வேண்டும். ஓடும்போதும் ஏறினால் அடைப்பையோ வாட்டர் பம்பையோ சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினின் நிலைமையை ஸ்பார்க் பிளக்கே பாதி சொல்லிவிடும். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. மீதிப் பாதிக்குக் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, மின்பொறி வராமல் காயில் வயரைப் பிரித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. கால் மணி நேரம் பிடிக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘எஞ்சின் போச்சு, இறக்கிடலாம்’ என்று சொல்பவர் பேச்சைக் கேட்கக் கூடாது. புகையை மறைக்க வழக்கத்தைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றி விற்பதும் நடக்கிறது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத காரில் அதைப் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. கவரைக் கழற்றிக் குறிகளைச் சேர்த்து வைத்து மாற்றும் வேலை கடினமில்லை. ஆனால் ஒரு பல் தள்ளிப்போனாலும் எஞ்சின் முறையாக ஓடாது. பெல்ட்டை மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல், எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் தடவை செய்கிறவர் அனுபவமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கார்ப்பரேட்டர் வண்டியின் ஜெட்டுகள் மாறாத அளவு கொண்டவை. சென்னையில் செட்டிங் செய்த கார் 840 மீட்டர் ஏறியதும், காற்று மெலிந்து பெட்ரோல் விகிதம் சற்றுக் கூடிவிடும். ஸ்லோவில் தடுமாறும், மைலேஜ் குறையும். மிக்ஸ்சர் ஸ்குரூவை இந்த ஊரில், எஞ்சின் சூடான நிலையில் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு பாயிண்ட் இடைவெளி, டைமிங், டாப்பெட் ஆகியவை சரியாக இருக்க வேண்டும். அவற்றை விட்டுவிட்டுக் கார்ப்பரேட்டரையே குடைந்துகொண்டிருப்பது வீண். பாயிண்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது, செலவுக்கு முழுப் பலன் தரும் சில மேம்பாடுகளில் ஒன்று. தேயும் பாயிண்டே அதில் கிடையாது.

இன்றைய பெட்ரோல் இன்னொரு சிக்கல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. இந்தக் கார்களை வடிவமைத்த காலத்தில் அப்படி ஒரு எரிபொருள் கற்பனையிலும் இல்லை. பழைய ரப்பர் பைப்புகளையும் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் காலப்போக்கில் இளக்கிவிடும். தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் அதோடு கலந்து அடியில் தங்கும். டேங்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை உள்ள ரப்பர் பைப்புகள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, புதிய கிளிப் போட்டு, ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். செலவு குறைவு. வெடித்த பைப்பிலிருந்து சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோலை நினைத்தால் இதைத் தள்ளிப்போட மனம் வராது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரில் பழைய பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது. ஏர் ஃபில்டரை இந்தத் தூசி வட்டாரத்தில் கையேட்டில் சொன்னதற்கு முன்பே திறந்து பார்ப்பது அவசியம்.

மின்சாரத்தில் கோளாறு பெரும்பாலும் வயரில்தான், பாகத்தில் இல்லை. எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. இவை சரியாக இருந்தும் ஹெட்லைட் மங்கலாக எரிந்தால், விளக்கை எரியவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பல்பின் பிளஸ் முனையிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அவ்வளவும் வழியில் வீணாகிறது என்று பொருள். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். பழைய கார்களில் இரு விளக்குக்குமான மின்சாரம் முழுதும் ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது. தேய்ந்த சுவிட்சும் கறுத்த கனெக்டரும் அதை விழுங்கிவிடும். லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடிமனான வயர் இழுத்தால், பழைய சுவிட்ச் ரிலேவை இயக்குவதோடு நின்றுவிடும். அதே 60/55 வாட் பல்பு புதிது போல எரியும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு 100 வாட் பல்பு மாட்டுகிறவர்கள் விதியையும் மீறுகிறார்கள், ஹோல்டரையும் உருக்குகிறார்கள். பழைய ரிஃப்ளெக்டரில் சந்தை எல்.இ.டி. பல்பை மாட்டினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். எர்த் வயர்கள் பாடியில் சேரும் இடங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதி மர்மக் கோளாறுகள் தீர்ந்துவிடும்.

டயரில் வயதைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு ஆண்டைத் தாண்டிய டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். பெங்களூரு-சென்னை விரைவுச்சாலை இந்த ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. அதில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிகளுக்கு நடுவே பழைய டயரோடு ஏறுவது வினையை விலைக்கு வாங்குவது. ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத 800-ஐ எவ்வளவு சீராக்கினாலும் அது விரைவுச்சாலைக்கு ஏற்ற வண்டி ஆகாது. ஊருக்குள்ளும் கோலார், முல்பாகல், குப்பம் தூரத்துக்கும் அது போதும்.

அலாய் வீல் ஆசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 145/70 ஆர்12 டயரின் விட்டம் 508 மில்லிமீட்டர். 13 அங்குல வீலில் 155/65 ஆர்13 மாட்டினால் 532 ஆகிவிடும், கிட்டத்தட்ட 5 விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கார் உண்மையில் 84-இல் போய்க்கொண்டிருக்கும். ஏற்கெனவே திணறும் எஞ்சினுக்கு இழுவையும் குறையும், திருப்பத்தில் மட்கார்டில் உரசும். அழகுக்காகக் கொடுக்கும் விலை இது.

எஸ்டீம் காரின் எஞ்சினை 800-க்குள் இறக்குவது ஒரு காலத்தில் இளைஞர்களின் பெரிய கனவு. 650 கிலோ வண்டிக்கு அது ராக்கெட் வேகம் தரும். ஆனால் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பழைய 37 குதிரைத்திறனுக்குச் செய்தவை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காரின் நிறம் ஆர்.சி.யில் இருப்பதால் வேறு நிறம் அடித்தாலும் ஆர்.டி.ஓ.விடம் பதிவு செய்ய வேண்டும். எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட்டுகள் அங்கீகாரம் பெற்றவையாக இருந்து, ஆர்.சி.யிலும் ஏறியிருக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கோரிக்கையில் வந்து நிற்கும்.

வீட்டில் தொடக்கூடாதவையும் உண்டு. கியர்பாக்ஸைப் பிரிப்பது, ஏ.சி. கேஸ் வேலை, வீல் அலைன்மென்ட், தகட்டு வெல்டிங் ஆகியவற்றைப் பட்டறைக்குத்தான் விட வேண்டும். பழைய ஏ.சி.களில் ஆர்12 வாயு இருந்தது; அதை ஆர்134ஏ-க்கு மாற்றும்போது ஆயிலும் ரப்பர் வளையங்களும் டிரையரும் சேர்ந்து மாற வேண்டும்.

உதிரிபாகத்துக்குப் பெங்களூரு ஜே.சி. ரோடு ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. பழைய சாமானுக்கு அங்கேயே சிவாஜிநகர், சென்னையில் புதுப்பேட்டை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டேஷ்போர்டு, மீட்டர் போன்றவற்றைப் பழைய சாமானாக வாங்கலாம். பிரேக் பாகங்கள், பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், டைமிங் பெல்ட், பெட்ரோல் பைப் எதையும் பழையதாக வாங்கக் கூடாது. அட்டைப்பெட்டி மட்டும் ஒரிஜினலாக இருக்கும் போலிகளும் அதிகம் நடமாடுவதால் பில்லோடு வாங்க வேண்டும். இறக்கிய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. ஊர் முழுக்க நிலத்தடி நீரை நம்பியிருக்கிறது. கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்தால் மறுசுத்திகரிப்புக்கு வாங்குபவர்கள் வருவார்கள்.

வேலை முடிந்த கார் கடைசியில் ஆர்.டி.ஓ. முன்னால் நிற்க வேண்டும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி ரசீது ஆகியவற்றோடு காரை நேரில் காட்ட வேண்டும். தங்கவயல் வண்டிகளுக்கான கே.ஏ. 08 பதிவுக்கும் இதே நடைமுறைதான். 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது. மேலே சொன்னபடி சரிசெய்த எஞ்சினுக்கு இது சிரமமில்லாத எல்லை. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு அது 10,000 ரூபாய். காலாவதிக்குப் பிறகு போனால் தாமதக் கட்டணமும் சேரும் என்பதால், பழைய கார் வைத்திருப்பவர் ஆர்.சி.யின் கடைசித் தேதியை இன்றே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.